ஆர்ச்டாப் கித்தாரின் டெயில்பீஸ்

டெயில்பீஸ் என்பது கித்தாரின் கம்பிகளை அவற்றின் வால் முனையில் பிடித்து நிறுத்தும் உறுப்பு ஆகும். வயலின், செல்லோ, மாண்டலின் ஆகியவற்றிலும் இது உண்டு. வீணையில் குதிரையைத் தாண்டிக் குடத்தின் ஓரத்தில் கம்பிகளைத் தாங்கும் நாகபாசம் செய்யும் வேலையும் இதுவே. ஜாஸ் இசைக்குப் பெயர்பெற்ற ஆர்ச்டாப் கித்தாரில், அதிலும் மேற்பலகை கையால் குடைந்து செதுக்கப்பட்ட வகையில், எந்த டெயில்பீஸைப் பொருத்துவது என்பது பல கலைஞர்களைக் குழப்பும் கேள்வி. கடையில் அதை அலங்காரப் பொருள்போல் காட்டி விற்கிறார்கள். பொன்முலாம், செதுக்கல், நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைப் பார்த்தே பலரும் வாங்குகிறார்கள். ஆனால் கித்தாருக்கு அது இரண்டு வழிகளில் மட்டுமே பொருட்படும். ஒன்று, குதிரையின் மேல் கம்பிகள் எந்தக் கோணத்தில் மடிகின்றன என்பது. மற்றொன்று, கம்பிகளின் முனையில் எவ்வளவு எடை தொங்குகிறது என்பது.

ஆர்ச்டாப் கித்தாரின் அமைப்பு

சாதாரண அக்கூஸ்டிக் கித்தாரில் குதிரை மேற்பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். கம்பிகள் அந்தக் குதிரையிலேயே முடிந்துவிடும். அவற்றின் இழுப்பு முழுவதும் மெல்லிய தட்டைப் பலகையின் மேல் விழுந்து, குதிரையின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும்.

ஆர்ச்டாப் இதற்கு நேர்மாறானது. மேற்பலகை வயலினைப் போல மேல்நோக்கி வளைந்திருக்கும். குதிரை ஒட்டப்படுவதில்லை, கம்பிகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. கம்பிகள் குதிரையைத் தாண்டிச் சென்று டெயில்பீஸில் முடிகின்றன. டெயில்பீஸ் கித்தாரின் அடிப்பக்கத்தில், உள்ளே ஒட்டப்பட்டுள்ள தடித்த மரக்கட்டையோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே கம்பிகளின் இழுப்பை அந்தக் கட்டை ஏற்றுக்கொள்கிறது. மேற்பலகை ஏற்பது கீழ்நோக்கிய அழுத்தத்தை மட்டுமே.

இந்த அமைப்பின் தொடக்கம் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் வாழ்ந்த ஆர்வில் கிப்சனிடம் இருக்கிறது. வயலின் போலச் செதுக்கிய மேற்பலகையை மாண்டலினுக்கும் கித்தாருக்கும் கொண்டுவந்த அவர், 1898இல் மாண்டலின் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயரிலான நிறுவனம் 1902இல் அதே நகரில் உருவானது. அங்கே பணியாற்றிய லாயிட் லோர் காலத்தில், 1922இல், எஃப் வடிவத் துளைகள் கொண்ட எல்-5 கித்தார் வெளிவந்தது. பின்னாளில் ஜாஸ் கித்தார் என்றாலே மனத்தில் தோன்றும் வடிவம் அதுதான்.

கோணமும் அழுத்தமும்

கழுத்துப் பக்கத்திலிருந்து ஏறிவரும் கம்பி, குதிரையின் உச்சியில் மடிந்து டெயில்பீஸை நோக்கி இறங்குகிறது. நேர்கோட்டிலிருந்து அது எத்தனை பாகை விலகுகிறதோ அதுவே மடிப்புக் கோணம். மேற்பலகையின் மேல் எவ்வளவு பாரம் என்பதை முடிவு செய்வது இக்கோணமே. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் தெரிந்த மாணவர் எவரும் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஜாஸ் கலைஞர்கள் பலர் பயன்படுத்தும் ‘பன்னிரண்டு’ அளவுக் கம்பித் தொகுதியில், முதல் கம்பியின் விட்டம் 0.012 அங்குலம். அதைச் சுருதி சேர்த்தால் அந்த ஒரு கம்பி மட்டும் ஏறத்தாழ பத்தரை கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ. ஒரு வளர்ந்த மனிதர் டெயில்பீஸைப் பிடித்துத் தொங்குவது போல என்று கொள்ளலாம்.

குதிரை மேல் விழும் அழுத்தத்தைக் காண, இழுவிசையை இரண்டால் பெருக்கி, மடிப்புக் கோணத்தின் பாதிக்குரிய சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். கோணம் 8 பாகை என்றால் அழுத்தம் சுமார் 9.8 கிலோ. 12 பாகை என்றால் 14.6 கிலோ. 16 பாகை என்றால் 19.5 கிலோ. அதே கித்தார், அதே கம்பி, அதே சுருதி. கோணம் இருமடங்கானதும் பலகையின் மேல் பாரமும் இருமடங்காகிவிட்டது.

பாரம் குறைந்தால் என்ன ஆகும்? குதிரை உறுதியாக நிற்காது. வலதுகையால் பலமாக அடித்தால் நகர்ந்துவிடும், அல்லது கம்பி தன் பள்ளத்திலிருந்து துள்ளும். ஒலி மெலிந்து, சிலசமயம் கரகரக்கும். பாரம் கூடினால் பலகை சுதந்திரமாக அதிர முடியாமல் ஒலி இறுகும். ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் வளைவு உட்கார்ந்துவிடும் அபாயமும் உண்டு. செதுக்கிய ஸ்புரூஸ் பலகை ஒருமுறை அமிழ்ந்தால் அதைச் சரிசெய்ய, உள்ளே உள்ள தாங்குபட்டிகளை எடுத்துப் புதிதாக ஒட்டும் அளவுக்கு வேலை வரலாம். சில நூறு ரூபாய் முதல் சில ஆயிரம் ரூபாய் வரை விலையுள்ள ஒரு துண்டு, பல லட்சம் மதிப்புள்ள கருவியைக் கெடுத்துவிடக்கூடும்.

எல்லாக் கித்தாருக்கும் பொருந்தும் ஒரே கோணம் என்று எதுவும் இல்லை. பலகையின் தடிமன், வளைவின் உயரம், தாங்குபட்டிகள் இணையாக ஓடுகின்றனவா அல்லது எக்ஸ் வடிவில் குறுக்கிடுகின்றனவா என்பதைப் பொறுத்தே செய்தவர் அதை முடிவு செய்திருப்பார். எனவே நன்றாக ஒலிக்கும் கித்தார் கையில் இருந்தால், அதன் இப்போதைய கோணத்தைக் குறித்து வைத்துக்கொள்வது முதல் வேலை. கித்தாரைப் பக்கவாட்டில் வைத்து, கேமராவைக் குதிரையின் உயரத்துக்கு இறக்கிப் படம் எடுத்து, அச்சிட்ட படத்தின் மேல் கோணமானியை வைத்தால் போதும். பள்ளி வடிவியல் பெட்டியில் கிடக்கும் அந்தக் கோணமானியே போதுமானது.

டெயில்பீஸைச் சற்றே உயர்த்துவதும் தாழ்த்துவதும் எவ்வளவு மாற்றம் தரும் என்பதையும் கணக்கிடலாம். கம்பியின் முனை குதிரையிலிருந்து 100 மி.மீ. தொலைவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த முனையை 3 மி.மீ. உயர்த்தும்போது கோணம் 1.7 பாகை குறையும். குதிரை மேல் அழுத்தம் ஏறத்தாழ 2 கிலோ குறையும். 3 மி.மீ. என்பது இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை அடுக்கிய கனம்கூட வராது. புதிய டெயில்பீஸ் பழையதைவிட இவ்வளவு சிறிதே தாழ்வாக அமைந்தாலும் ‘கித்தாரின் குரல் மாறிவிட்டதே’ என்று கலைஞர் தவிப்பது இதனால்தான். அவர் உலோகத்தையோ மரத்தையோ குறை சொல்வார். உண்மையில் மாறியது பெரும்பாலும் உயரமே.

குதிரைக்குப் பின்னுள்ள நீளம்

குதிரைக்கும் டெயில்பீஸுக்கும் இடையே உள்ள கம்பித் துண்டைப் பற்றி ஒரு தவறான கருத்து பரவலாக உள்ளது. அது நீளமாக இருந்தால் கம்பியின் இழுவிசை குறையும் என்பார்கள். அப்படி இல்லை. இழுவிசையைத் தீர்மானிப்பவை மூன்று: மேருவிலிருந்து குதிரை வரை அதிரும் நீளம், கம்பியின் கனம், சேர்க்கும் சுருதி. இம்மூன்றும் மாறாதபோது இழுவிசையும் மாறாது.

மாறுவது விரலுக்குத் தெரியும் இளக்கம். கம்பியை இடதுகை விரலால் பக்கவாட்டில் தள்ளும்போது அது சிறிது நீள வேண்டும். பின்னால் கூடுதல் கம்பி இருந்தால், அந்த நீட்சி அதிலும் பங்கிடப்படும். கை இளகியதாக உணரும். ஆனால் அதே சுரத்தை எட்ட இன்னும் சற்று அதிகமாகத் தள்ள வேண்டியிருக்கும்.

இந்தத் துண்டு தானாகவும் ஒலிக்கும். வயலின் செய்வோர் இதன் நீளத்தை அதிரும் நீளத்தில் ஆறில் ஒரு பங்காக வைப்பது வழக்கம். கித்தாரில் அத்தகைய மரபு வேரூன்றவில்லை. வேண்டாத ரீங்காரம் வந்தால், கம்பிகளுக்கிடையே ஒரு தோல் பட்டையையோ ஃபெல்ட் துணியையோ மேலும் கீழுமாக நுழைத்துவிடுவார்கள். மேடையில் ஒலிபெருக்கியோடு வாசிப்பவர் பலர் இதைச் செய்கின்றனர்.

எபிஃபோன் நிறுவனத்தின் ‘ஃப்ரீக்வென்சேட்டர்’ 1930களில் இந்த நீளத்தை வைத்தே விற்பனை உத்தி செய்த டெயில்பீஸ். இரண்டு தனித்தனிக் கவைகளாக வரும். குட்டையான கவை மூன்று தடித்த கம்பிகளையும், நீளமானது மூன்று மெல்லிய கம்பிகளையும் பிடிக்கும். அதனால் தடித்த கம்பிகளுக்குப் பின்நீளம் கூடுதல். மந்தர ஒலி செழிக்கும் என்பது நிறுவனத்தின் வாதம். பார்ப்பதற்கு மிக அழகானது. ஆயினும் அதிரும் நீளம் மாறாததால் அதன் பெயர் தந்த வாக்குறுதி சற்றுப் பெரியதுதான். நடைமுறையில் இதைப் பொருத்துவோர் கவனிக்க வேண்டியது வேறு: சில கம்பித் தொகுதிகளில் தடித்த ஈ கம்பி பிரடை வரை எட்டாமல் போகலாம். இதற்காகவே சிலர் இரு கவைகளையும் இடம் மாற்றிப் பொருத்திக்கொள்வதுண்டு.

உலோகமா, மரமா

மிகப் பழையதும் எளியதுமான வகை ‘டிரப்பீஸ்’. சர்க்கஸ் ஊஞ்சலைப் போல இரண்டு தண்டுகளும் ஒரு குறுக்குச் சட்டமும் கொண்டது. அடிப்பக்கத்தில் கீல் ஒன்றால் திருகப்பட்டிருக்கும். எடை குறைவு, விலையும் குறைவு. எளிமையாக இருக்கிறதே என்று இதை இகழ வேண்டியதில்லை. செதுக்கிய பலகை உள்ள எத்தனையோ நல்ல கித்தார்கள் இதோடுதான் பாடியிருக்கின்றன.

நியூயார்க்கில் கென்மேர் தெருவில் கடை வைத்திருந்த ஜான் டி’ஏஞ்சலிகோ (1905–1964) தம் ‘நியூயார்க்கர்’ கித்தாருக்குப் படிக்கட்டுப் போன்ற வடிவில் கனமான பித்தளை டெயில்பீஸ் அமைத்தார். அன்றைய வானளாவிய கட்டடங்களின் ஆர்ட் டெக்கோ பாணி அதில் அப்படியே தெரியும். அவரிடம் தொழில் கற்று, அவர் மறைவுக்குப் பின் தொழிலைத் தொடர்ந்தவர் ஜேம்ஸ் டி’அக்விஸ்டோ (1935–1995). தொடக்கத்தில் ஆசிரியரின் வழியிலேயே சென்ற டி’அக்விஸ்டோ, பின்னாளில் உலோகத்தை விட்டுக் கருங்காலி மரத்துக்கு மாறினார். ராபர்ட் பெனடெட்டோவும் கருங்காலி டெயில்பீஸை, செல்லோவுக்கான நைலான் கயிற்றால் கட்டும் முறையைப் பரப்பினார். ஆர்ச்டாப் செய்வதைப் பற்றி அவர் 1994இல் வெளியிட்ட நூல் பல நாடுகளில் கைவினைஞர்களுக்கு வழிகாட்டியானது. இன்று தனியாகக் கித்தார் செய்வோர் பலரும் மர டெயில்பீஸையே விரும்புவதற்கு இவ்விருவரே முக்கியக் காரணம்.

இந்த மாற்றத்தின் உள்ளே இருப்பது எடையைப் பற்றிய சிந்தனை. பித்தளை ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8.5 கிராம், எஃகு 7.8, அலுமினியம் 2.7. கருங்காலி ஏறத்தாழ 1 கிராம். மரத்தைத் தடிமனாகச் செய்ய வேண்டியிருப்பதால் முழு வேறுபாடும் கிடைக்காது என்றாலும் மர டெயில்பீஸ் பெரும்பாலும் இலேசாகவே இருக்கும். அதிரும் பலகையோடு கம்பிகள் வழியே இணைந்திருக்கும் எடை குறைந்தால், ஒலி விரைவாக எழும். ஒலிபெருக்கி இல்லாமல் வாசிக்கும்போது கித்தார் திறந்து பேசும். எடை கூடினால் ஒலி சற்று அடங்கி, இருண்டு, நிதானமாகும். ஒலிபெருக்கியோடு உரக்க வாசிப்பவருக்கு அந்த அடக்கம் ஒரு நன்மையே. ஏனெனில் இலேசான பலகை ஊளையிடும் எதிரொலிக்கு எளிதில் ஆளாகும்.

இதை மிகைப்படுத்திச் சொல்பவர்கள் அதிகம். குதிரையின் பொருத்தம், கம்பியின் வகை, வாசிப்பவரின் கை ஆகிய மூன்றும் ஏற்படுத்தும் மாற்றத்துக்கு முன் டெயில்பீஸின் உலோகம் சிறிய விஷயம். செலவு செய்வதற்கு முன் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உள்ளது. சுவரில் படம் ஒட்டப் பயன்படும் பசைக்களிமண்ணில் 20 கிராம் எடுத்து, இப்போதுள்ள டெயில்பீஸின் அடியில் ஒட்டி வாசிக்க வேண்டும். பிறகு எடுத்துவிட்டு வாசிக்க வேண்டும். வேறுபாடு காதுக்குக் கேட்டால் எடை அந்தக் கித்தாருக்குப் பொருட்படுகிறது என்று பொருள். கேட்கவில்லை என்றால் பணத்தை வேறு எதற்காவது செலவிடலாம்.

கருங்காலி என்பது தமிழருக்கு அறிமுகமான பெயர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் கருங்காலி (டயோஸ்பைரோஸ் எபினம்) உலகின் மிகச் சிறந்த எபனி மரங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இப்பெயர் வேறு மரங்களுக்கும் வழங்குவதால் வாங்குவோர் கவனமாக இருக்க வேண்டும். இன்று இசைக்கருவிகளுக்குப் பயன்படுவது பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் கேமரூன், காபோன் பகுதிகளிலிருந்து வரும் எபனி.

மர டெயில்பீஸின் இடர்கள்

கயிற்றால் கட்டும் முறையில் கயிறு கித்தாரின் அடி ஓரத்தைத் தாண்டி, எண்ட்பின் எனப்படும் முளையில் மாட்டப்படும். மேற்பலகையின் ஓரத்தில் கயிறு உட்காருமிடத்தில் கருங்காலியால் ஆன சிறு தாங்குகட்டை பதித்திருக்க வேண்டும். அது இல்லாமல் கட்டினால் 70 கிலோ இழுப்பில் கயிறு மென்மையான ஸ்புரூஸை அறுத்துவிடும். கீல் டெயில்பீஸுக்காகச் செய்த பழைய கித்தாரில் பெரும்பாலும் இந்தக் கட்டை இருக்காது. அதற்காக விளிம்பைக் குடைவது திரும்பப் பெற முடியாத வேலை. முளையும் தளர்வின்றி, உள்கட்டையில் இறுக்கமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது இடர் மின்சாரம் சார்ந்தது. பிக்கப் உள்ள கித்தாரில் உலோக டெயில்பீஸ் எர்த் கம்பியோடு இணைக்கப்பட்டிருக்கும். அதன்வழியே ஆறு கம்பிகளும் எர்த் ஆகும். கம்பியை விரல் தொட்டதும் இரைச்சல் அடங்குவது இதனால்தான். மரத்துக்கு மாறினால் இந்த இணைப்பு அறுந்து, ‘ம்ம்’ என்ற இரைச்சல் தொடங்கும். மாற்றியவுடன் பிக்கப் பழுதாகிவிட்டது என்று எண்ணிப் பழுதுபார்ப்பவரிடம் ஓடுவோர் உண்டு. கம்பிகளின் குண்டு முனைகள் பதியும் இடத்தில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்து, அதிலிருந்து ஒரு சன்னமான கம்பியை எர்த்தோடு இணைத்தால் தீரும்.

பிக்ஸ்பி வகை

அமெரிக்கரான பால் பிக்ஸ்பி உருவாக்கிய, கைப்பிடியால் சுருதியை அசைக்கும் அலுமினிய டெயில்பீஸ் தனி இனம். செட் அட்கின்ஸ் கையில் அது மிக இனிமையாகப் பேசியது. செதுக்கிய பலகை உள்ள, ஒலிபெருக்கியின்றி வாசிக்கும் கித்தாருக்கு இது பொதுவாகப் பொருந்தாது. எடை அதிகம், குதிரை ஒட்டப்படாததால் கைப்பிடியை அசைக்கும்போது அதுவும் ஆடும். பொருத்தியே ஆக வேண்டும் என்றால் கம்பிகளைக் கீழே அழுத்தும் கூடுதல் உருளை இல்லாத வகையை எடுக்க வேண்டும். அந்த உருளை உள்ள வகை மெல்லிய உடல் கித்தார்களுக்கானது. ஆர்ச்டாப்பில் அது மடிப்புக் கோணத்தை மிகவும் செங்குத்தாக்கிவிடும்.

வாசிப்பவரைப் பொறுத்து

கௌண்ட் பேசி இசைக்குழுவில் 1937 முதல் 1987 வரை தாளக் கித்தார் வாசித்த ஃப்ரெடி கிரீன் ஒலிபெருக்கி இல்லாமலே பித்தளைக் கருவிகளின் நடுவே கேட்கும்படி வாசித்தவர். அத்தகைய வாசிப்புக்குத் தடித்த கம்பியும் குதிரை மேல் நல்ல அழுத்தமும் வேண்டும். எடை குறைந்த, உறுதியான டிரப்பீஸ் அதற்குப் போதும். மென்மையான விரல் வாசிப்புக்கும் தனிக் கச்சேரிக்கும் இலேசான மர டெயில்பீஸ், சற்றுத் தணிந்த கோணத்தோடு, நன்கு உதவும். முழுக்க முழுக்க பிக்கப் வழியே வாசிப்பவர் எதைப் பொருத்தினாலும் பெரிய இழப்பில்லை. கிப்சன் 1949இல் கொண்டுவந்த இஎஸ்-175 போன்ற, ஒட்டுப்பலகையை அழுத்தி வளைத்துச் செய்த கித்தார்களுக்கும் இது பொருந்தும். செதுக்கிய பலகையின் கூச்சம் அவற்றுக்கு இல்லை.

வாங்கும் முன்பும் மாற்றும்போதும்

கித்தாரின் அடி ஓரத்திலிருந்து குதிரை வரை உள்ள தூரம், இப்போதைய டெயில்பீஸின் நீளம், கம்பிகளுக்கிடையே உள்ள இடைவெளி, திருகுத் துளைகளின் இடம் ஆகியவற்றை மி.மீ. கணக்கில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். துளைகள் பொருந்தாவிட்டால் புதிதாகத் துளையிடுவதற்குப் பதில் வேறு டெயில்பீஸைத் தேடுவதே நல்லது. உயரத்தைத் திருகால் மாற்றும் வசதி உள்ள வகை கிடைத்தால் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தும் அதை எடுக்கலாம். கோணத்தைப் பிறகு காதால் திருத்திக்கொள்ள முடியும் என்பது பெரிய வசதி.

கம்பிகளை ஒரே நேரத்தில் கழற்றினால் குதிரை கையோடு வந்துவிடும். அதற்குமுன் குதிரையின் இரு கால்களைச் சுற்றியும், மெருகைப் பிய்க்காத ஒட்டுநாடாவால் எல்லை குறித்துவிட வேண்டும். புதியதைப் பொருத்திய பின் கம்பிகளைச் சிறிது சிறிதாக, எல்லாவற்றையும் மாறிமாறி இறுக்குவது நல்லது. டெயில்பீஸின் அடிப்பக்கம் பலகையைத் தொடாமல் இடைவெளி இருக்க வேண்டும். கீல் கடகடத்தால் அதனிடையே ஃபெல்ட் துணி வைக்கலாம். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் பன்னிரண்டாம் மெட்டின் மேல் விரலை வருடி எழுப்பும் ஒலியையும், அதே மெட்டில் அழுத்தி வாசிக்கும் ஒலியையும் ஒப்பிட வேண்டும். அழுத்திய ஒலி கூடுதலாகக் கேட்டால் குதிரையை டெயில்பீஸ் பக்கம் சற்றே நகர்த்த வேண்டும். குறைவாகக் கேட்டால் கழுத்துப் பக்கம்.

கம்பி மாற்றத்தையும் டெயில்பீஸ் மாற்றத்தையும் ஒரே நாளில் செய்தால் எது எதைச் செய்தது என்று தெரியாது. ஒன்றைச் செய்து ஒருவாரம் வாசித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். கழற்றிய பழைய டெயில்பீஸை, அதன் திருகுகளோடு, ஒரு துணியில் சுற்றிக் கித்தார்ப் பெட்டிக்குள்ளேயே வைப்பது வழக்கம். பழைய கித்தாரை விற்கும் நாள் வந்தால் வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.